முகத்துக்கு எத்தனை பிக்சல்?



விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஏதாவது ஒரு பழைய வீட்டுத் தார்சாவில ஏறி நின்னு சுவரைப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு விதமான படம் இருக்கும். ஒண்ணு, மில்லுலயோ பள்ளிக்கூடத்துலயோ எடுத்த கருப்பு வெள்ளை குரூப் போட்டோ. முன்னால நாற்காலியில பெரிய ஆளுங்க, பின்னால பெஞ்சு மேல ஏறி நிக்கிறவங்க. கிட்டப் போய்ப் பார்த்தா கடைசி வரிசையில நிக்கிறவரோட சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். இன்னொண்ணு, இந்தப் பத்து வருஷத்துக்குள்ள காலமான தாத்தாவுக்கோ ஆச்சிக்கோ மாலை போட்டு மாட்டின கலர் படம். படம் பெரிசு, ஃபிரேம் பளபளன்னு இருக்கும். முகம் மட்டும் மெழுகுல செஞ்ச மாதிரி வழுவழுன்னு இருக்கும். கண்ணு எங்க முடியுது, இமை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது.

முதல் படத்தை எடுத்த மரக் கேமராவுல மெகாபிக்சல்னு ஒரு பேச்சே கிடையாது. ரெண்டாவது படம் 50 மெகாபிக்சல் போன்ல எடுத்தது. அப்புறம் ஏன் இப்படி? ஸ்டுடியோ அண்ணாச்சிகிட்ட கேட்டா, "படம் கிளாரிட்டி இல்ல தம்பி"ன்னு ஒரே வரியில முடிச்சிருவாரு. அவர் சொல்றது சரிதான். அந்த கிளாரிட்டி எங்க போச்சுன்னு நாம கணக்குப் போட்டுப் பார்ப்போம். எம்-1, எம்-2 எல்லாம் வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும்.

நம்ம டிபார்ட்மென்ட் குரூப் போட்டோவையே எடுத்துக்குவோம். 60 பேர், மூணு வரிசை, வரிசைக்கு 20 பேர். ஒருத்தர் தோளுக்கு அரை மீட்டர்னு வச்சா மொத்தம் 10 மீட்டர் அகலம். அந்த 10 மீட்டரும் ஃபிரேமோட இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் பரவி நிக்குது. 50 மெகாபிக்சல்னு பெட்டியில அச்சடிச்சிருக்கிற போன், சாதாரணமா எடுக்கிறப்போ நாலு பிக்சலை ஒண்ணாச் சேர்த்து சுமார் 12 மெகாபிக்சல் படமாத்தான் சேமிக்கும். ஏறத்தாழ 4000×3000. பத்து மீட்டருக்கு 4000 பிக்சல்னா ஒரு மீட்டருக்கு 400. மனுஷ முகத்தோட அகலம் சுமாரா 15 செ.மீ. ஆக, உங்க முகத்துக்குக் கிடைச்சது 60 பிக்சல்.

அறுபதுங்கிறது கம்மியா? அது நீங்க என்ன பண்ணப் போறீங்கங்கிறதைப் பொறுத்தது. படத்தை அப்படியே 12×18 அங்குலத்துல பிரிண்ட் போட்டா, 4000÷18, அதாவது அங்குலத்துக்கு 222 பிக்சல். முகம் காகிதத்துல 7 மி.மீ. அகலத்துக்கு வரும். ஜம்முனு இருக்கும், ஒருத்தரும் குறை சொல்ல மாட்டாங்க.

சிக்கல் எப்ப வரும்னா, அந்தக் கூட்டத்துல இருந்து ஒருத்தரை மட்டும் வெட்டி எடுக்கிறப்போ. நம்ம ஊர்ல அது எப்ப நடக்கும்னு சொல்லவே வேண்டாம். வீட்டுல ஒரு பெரியவர் தவறிட்டாருன்னா, அழுகைச் சத்தத்துக்கு நடுவுல யாராவது ஒரு பையன்கிட்ட, "ஏல, தாத்தா போட்டோ நல்லதா ஒண்ணு எடு, பிளெக்ஸுக்குக் குடுக்கணும்"னு சொல்லுவாங்க. என்ஜினியரிங் படிக்கிற பையன் வீட்டுல இருந்தா அந்த வேலை அவனுக்குத்தான். தனியா எடுத்த படம் இருக்காது. மதினி கல்யாணத்துல மேடையில வரிசையா நின்ன படம் இருக்கும். அதுல இருந்து வெட்டுவோம்.

இப்போ அதே மீட்டருக்கு 400 பிக்சல் கணக்கை இங்க போடுங்க. தலையும் தோளும் சேர்ந்து 60 செ.மீ. அகலம்னா 240 பிக்சல். அதை 12 அங்குல அகலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 20 பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் ஒண்ணேகால் மி.மீ. சதுரம். அதான் அந்த மெழுகு முகம்.

கேமராவுல எத்தனை மெகாபிக்சல் இருந்துச்சுங்கிறது இங்க ரெண்டாவது கேள்வி. படம் எடுத்த நேரத்துல அந்த முகத்துக்கு எத்தனை பிக்சல் ஒதுக்கினோம்ங்கிறதுதான் முதல் கேள்வி. அதே மேடை வரிசையை 24 மெகாபிக்சல் பெரிய கேமராவுல எடுத்திருந்தாலும் (6000×4000) தலைக்கும் தோளுக்கும் 360 பிக்சல், 12 அங்குலத்துக்கு 30. மெகாபிக்சல் ரெட்டிப்பு ஆனாலும் நீளவாக்குல ஒன்றரை மடங்குதான் கூடும். பரப்பளவுக்கும் நீளத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டாரு.

"அப்போ 200 மெகாபிக்சல் போன்?"னு ஒருத்தர் கேப்பீங்க. கேட்டுத்தான் ஆகணும். அதுக்கு முன்னால அந்த மரக் கேமராவைப் பார்த்துட்டு வந்திருவோம்.

சுவர்ல மாட்டின கண்ணாடி நெகட்டிவ்

1880களில் ஹார்வி சகோதரர்கள் தாமிரபரணித் தண்ணி விழுற வேகத்தை நம்பி பாபநாசத்துல ஆரம்பிச்ச மில்தான் பின்னாடி மதுரா கோட்ஸ் ஆச்சு. விக்கிரமசிங்கபுரம் ஊரே அந்தச் சங்குச் சத்தத்தைச் சுத்தி வளர்ந்த ஊரு. மில்லு, பள்ளிக்கூடம், சங்கம்னு எது இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு குரூப் போட்டோ இருக்கும். முக்காலி மேல மரப்பெட்டி, தலைக்கு மேல கருப்புத் துணி, "யாரும் அசையாதீங்க"ன்னு ஒரு குரல்.

அந்தப் பெட்டிக்குள்ள இருந்தது ஒரு கண்ணாடித் தகடு, இல்லன்னா தாள் பிலிம். ஆஃப் பிளேட்னு சொல்ற அளவே 6½×4¾ அங்குலம், அதாவது 165 மி.மீ. அகலம். நம்ம 10 மீட்டர் வரிசை அதுல விழுந்தா ஒரு முகத்துக்கு 2.5 மி.மீ. கிடைக்கும். லென்ஸும் பிலிமும் சேர்ந்து மில்லிமீட்டருக்கு 30 ஜோடிக் கோடுகளைப் பிரிச்சுக் காட்டும்னு அடக்கமாவே வச்சுக்கோங்க. ஒரு ஜோடிக்கு ரெண்டு பிக்சல் கணக்கு. 2.5×60 = 150. அதாவது முகத்துக்கு 150 பிக்சலுக்குச் சமம். நம்ம போன் குடுத்தது 60. இத்தனைக்கும் அந்த நெகட்டிவைப் பெரிசாக்கக்கூட வேண்டாம், காகிதத்து மேல ஒட்டி வச்சு அதே அளவுல பிரிண்ட் போட்டாலே போதும். இழுக்காத ரப்பர் மெலியாது இல்லையா, அந்த மாதிரி.

பிலிம் செஞ்ச வேலையை இப்போ சென்சார் செய்யுது. அதே 10 மீட்டர் வரிசை வேற வேற சென்சார் மேல எப்படி விழும்னு பாருங்க. ஃபுல் ஃபிரேம் கேமராவோட சென்சார் 36×24 மி.மீ., அதுல ஒரு முகம் அரை மி.மீ.யைவிடக் கொஞ்சம் அதிகம். விலை உயர்ந்த போன்ல இருக்கிற 1/1.3 அங்குல சென்சார் சுமார் 9.8 மி.மீ. அகலம், அதுல முகம் 0.15 மி.மீ. பதினஞ்சாயிரம் ரூபாய் போன்ல சாதாரணமா வர்ற 1/2.76 அங்குல சென்சார் 5.2 மி.மீ. அகலம்தான். அதுல உங்க முகம் 0.08 மி.மீ. ஒரு தலைமுடியோட தடிமன் அளவு! அந்த முடி அகலத்துக்குள்ளதான் உங்க கண்ணு, மூக்கு, மீசை எல்லாம் அடங்கணும்.

(இந்த "1/2.76 அங்குலம்"ங்கிறது நிஜ அளவு கிடையாது. அந்தக் கால டிவி கேமரா குழாயோட வெளிவிட்டத்தை வச்சுப் பேர் வச்ச பழக்கம் இன்னும் ஓடுது. "ஒரு அங்குல" சென்சாரோட மூலைவிட்டமே 16 மி.மீ. சுமார்தான். ஒரு அங்குலம் 25.4 மி.மீ.னு அஞ்சாம் வகுப்புல படிச்சதை இங்க மறந்துருங்க.)

கவனிச்சீங்களா, அந்த 9.8 மி.மீ. சென்சாரும் 5.2 மி.மீ. சென்சாரும் ரெண்டுமே "50 மெகாபிக்சல்"னுதான் விளம்பரத்துல வரும். ஒண்ணுல ஒரு பிக்சல் 1.2 மைக்ரான், இன்னொண்ணுல 0.64 மைக்ரான். பரப்பளவுல மூணரை மடங்கு வித்தியாசம். எண்ணிக்கை ஒண்ணு, பாத்திரம் வேற.

பாத்திரம்னு சும்மா சொல்லலை. சாரல் அடிக்கிற நேரத்துல முற்றத்துல ஒரு டம்ளரையும் ஒரு அண்டாவையும் வச்சுப் பாருங்க. ஒரு நிமிஷத்துல அண்டாவுக்குள்ள பத்தாயிரம் துளி விழுதுன்னா, அடுத்த நிமிஷம் அந்த எண்ணிக்கை நூறு கூடும், குறையும். பத்தாயிரத்துக்கு வர்க்கமூலம் 100, அதாவது 1 சதவீத ஆட்டம். டம்ளர்ல நூறு துளி விழுந்தா ஆட்டம் 10, அதாவது 10 சதவீதம். வெளிச்சமும் துளித்துளியா ஃபோட்டானாத்தான் விழுது. சின்ன பிக்சல் கம்மியாப் பிடிக்கும், அந்த ஆட்டம்தான் படத்துல புள்ளி புள்ளியா நாய்ஸாத் தெரியுது.

அந்தப் புள்ளியை போன் அப்படியே விட்டுவச்சாக்கூடப் பரவாயில்ல. மென்பொருள் அதைத் தேய்ச்சு வழுவழுன்னு ஆக்கிரும். அகஸ்தியர் அருவிப் பக்கம் மரநிழல்ல எடுத்த படத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. பின்னால இருக்கிற காடு தனித்தனி இலையா இருக்காது, வெந்த கீரை மாதிரி இருக்கும். ஆடி அமாவாசைக்கு சொரிமுத்து அய்யனார் கோயில்ல ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல எடுத்த முகங்களும் அப்படித்தான். போன் திரையில தெரியாது. பிரிண்ட் வந்த பிறகுதான் தெரியும். அதே போன்ல காரையார் அணைப் பக்கம் உச்சி வெயில்ல எடுத்த படத்தை 4×6 பிரிண்ட் போட்டுட்டு, ஃபுல் ஃபிரேம் கேமராவுல எடுத்ததையும் பக்கத்துல வைங்க. எது எதுன்னு பந்தயம் கட்டினா தோத்துருவீங்க. 4×6-க்கு வேண்டியதே 1800×1200, அதாவது 2 மெகாபிக்சல் சொச்சம்தான்.

இப்போ 200 மெகாபிக்சலுக்கு வருவோம். 1/1.3 அங்குல சென்சார்ல 20 கோடி பிக்சலை அடைச்சா ஒரு பிக்சல் 0.6 மைக்ரான். ஆனா எந்த லென்ஸும் ஒரு புள்ளி வெளிச்சத்தைப் புள்ளியாவே விழவைக்காது. விளிம்பு விளைவால அது ஒரு சின்ன வட்டமாப் பரவும், முதல் வருஷ பிசிக்ஸ்ல படிச்ச ஏரி வட்டம். விட்டம் = 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை வெளிச்சம் 0.55 மைக்ரான், லென்ஸ் எஃப்/1.7 வச்சா 2.28 மைக்ரான். ஒரு புள்ளியோட வட்டமே கிட்டத்தட்ட நாலு பிக்சல் அகலம்! கோலம் போடுற விரலே நாலு கட்டம் அகலம்னா, கட்டத்தை எவ்வளவு நுணுக்கமாப் போட்டாலும் என்ன பிரயோசனம்? நல்ல வெயில்ல கொஞ்சம் லாபம் இருக்கும், மறுக்கலை. 16 மடங்கு விவரம் கிடைக்கும்னு மட்டும் நம்பாதீங்க.

பெரிய சென்சார் வச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. குரூப் போட்டோவுல முன் வரிசையும் பின் வரிசையும் ஃபோகஸ்ல வரணும்னு நீங்க லென்ஸை எஃப்/8-க்கு மூடினீங்கன்னா, ஒரே ஷட்டர் வேகத்துல அந்த வெளிச்ச லாபம் கிட்டத்தட்ட முழுசும் போயிரும். போனோட எஃப்/1.8 சின்ன லென்ஸ் உள்ள விடுற வெளிச்சமும் அதுவும் ஏறக்குறைய சமம் ஆயிரும். டிரைபாட் போட்டு, ஐஎஸ்ஓவை 100-க்கு இறக்கி, ஷட்டரை மெதுவாக்கினாத்தான் அந்த அண்டா நிறையும். "யாரும் அசையாதீங்க"ன்னு அந்தக் கால ஸ்டுடியோக்காரர் சொன்னதும் இதே காரணத்துக்குத்தான்.

பிளெக்ஸ் ஏமாத்தும், ஃபிரேம் ஏமாத்தாது

"பஸ் ஸ்டாண்டுல பத்து அடி பிளெக்ஸ் போட்டோம், அதே படம்தான், சூப்பரா இருந்துச்சே"ன்னு ஒரு வாதம் வரும். உண்மைதான், அதுக்கும் கணக்கு இருக்கு.

சராசரிக் கண்ணு பிரிச்சுப் பார்க்கிற கோணம் ஒரு பாகையில அறுபதுல ஒரு பங்கு. கையில வச்சுப் பார்க்கிற 30 செ.மீ. தூரத்துல அது 0.087 மி.மீ. 25.4-ஐ அதால வகுத்தா 291. எல்லாரும் 300 டிபிஐ, 300 டிபிஐன்னு சொல்றது இங்க இருந்து வர்ற எண்தான். ஒரு மீட்டர் தள்ளிப் போனா 87 போதும். மூணு மீட்டர்னா 29. ஆறு மீட்டர் தள்ளி பஸ்ஸுக்கு நிக்கிற ஆளுக்கு 15-ஏ போதும். பத்து அடி, அதாவது 120 அங்குல பிளெக்ஸுக்கு 120×15 = 1800 பிக்சல். 2015-ல ஆப்பிள் நிறுவனம் ஐபோன் 6-ல எடுத்த படங்களை உலகம் பூரா பிரம்மாண்டமான விளம்பரப் பலகையில போட்டுச்சே, அந்தப் போனோட கேமரா வெறும் 8 மெகாபிக்சல். மந்திரம் ஒண்ணும் இல்ல, பார்க்கிறவங்க தெருவுக்கு அந்தப் பக்கம் நிக்கிறாங்க.

வீட்டுச் சுவர்ல மாட்டுற 12×18 படம் அப்படி இல்ல. விளக்கு ஏத்தறப்போ, பொட்டு வைக்கிறப்போ ஆச்சி அந்த முகத்துக்கு ஒரு முழத் தூரத்துல நிப்பாங்க. பத்து அடி பிளெக்ஸைவிட ஒன்றரை அடி ஃபிரேமுக்குத்தான் அதிகப் பிக்சல் வேணும். பிளெக்ஸ் பத்து நாள்ல கிழிஞ்சுரும், ஃபிரேம் நாப்பது வருஷம் தொங்கும். நம்ம ஆளுங்க பிளெக்ஸ் படத்தையே ஃபிரேமுக்கும் குடுக்கிறாங்க.

இடையில ஒரு சின்னப் பஞ்சாயத்து. ஃபைல் புராப்பர்ட்டியில 72 டிபிஐன்னு இருக்கு, அதை 300-னு மாத்திட்டேன், இனி பிரிண்ட் நல்லா வரும்னு ஹாஸ்டல்ல ஒரு குரூப்பே நம்புது. அது ஃபைல் மேல ஒட்டின சீட்டு மட்டும்தான். உள்ள இருக்கிற பிக்சல் ஒண்ணுகூட மாறாது. பிக்சலை அங்குலத்தால வகுங்க, அதுதான் உங்க நிஜ எண்.

மிச்சம் இருக்கிற கொஞ்சநஞ்சத்தையும் கொல்றது யாருன்னு உங்களுக்கே தெரியும். கல்யாணப் படம் ஒரிஜினல் யார்கிட்டயும் இருக்காது, வாட்ஸ்அப்ல வந்ததுதான் இருக்கும். சாதாரணமா அனுப்பினா படத்தோட நீளப் பக்கம் 1600 பிக்சல் வாக்குல குறைஞ்சுரும். 10 மீட்டர் வரிசைக்கு 1600 பிக்சல்னா முகத்துக்கு 24. இன்னும் ஒரு கொடுமை, ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டம் கட்டமா வெட்டித்தான் சுருக்குது. முகத்தோட அகலமே மூணு கட்டம். ஒரு கட்டத்துல ஒரு கன்னம், நடுக்கட்டத்துல மூக்கு, அடுத்ததுல இன்னொரு கன்னம், முடிஞ்சுது. தலையும் தோளும் 96 பிக்சல். 12 அங்குலத்துக்கு இழுத்தா அங்குலத்துக்கு 8.

எட்டு!

இந்த இடத்துல யாராவது ஏஐ மென்பொருள்ல போட்டுத் தெளிவாக்கித் தர்றேன்னு சொல்லுவாங்க. தெளிவாத்தான் வரும். இமை முடி, தோல் சுருக்கம் எல்லாம் வரும். ஆனா 24 பிக்சல் முகத்துல இமை முடியோட தகவலே கிடையாது. அது லட்சக்கணக்கான மத்தவங்க முகத்தைப் பார்த்துப் பழகினதை வச்சு, இங்க இப்படி இருக்கலாம்னு வரைஞ்சு வைக்குது. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அது தாத்தாதான். ஆச்சி மட்டும் பார்த்துட்டு, "அவுக கண்ணு இப்படி இருக்காதே"ன்னு சொல்லுவாங்க. ஒரிஜினல்ல முகத்துக்கு இருநூறு முந்நூறு பிக்சல் இருந்து, லேசா மங்கலை மட்டும் சரிபண்றதுன்னா அந்த மென்பொருளைத் தாராளமாப் பயன்படுத்தலாம். அப்போ அதுக்கு ஊகிக்கிற வேலை கம்மி.

இதுக்கெல்லாம் லட்ச ரூபாய் கேமரா வேணுமான்னா, வேண்டவே வேண்டாம். இந்தக் கட்டுரையில உருப்படியான விஷயமே இதுதான். அதே பதினஞ்சாயிரம் ரூபாய் போனை எடுத்துக்கிட்டு கிட்டப் போங்க. தலையும் தோளும் ஃபிரேமோட அகலத்தை நிறைக்கிற மாதிரி, போனை நெட்டுக்குத்தலாப் பிடிச்சு எடுத்தீங்கன்னா 60 செ.மீ.க்கு 3000 பிக்சல். முகத்துக்கு 750. 12 அங்குலத்துக்கு 250. குரூப் போட்டோவுல முடி அளவு இருந்த முகம் இப்போ சென்சார்ல ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்ட வந்துருச்சு. பாத்திரம் பெரிசாகலை, ஆனா ஒரு முகத்துக்கு அத்தனை பாத்திரமும் வேலை பார்க்குது.

கிட்டன்னா ரொம்பக் கிட்டயும் போயிராதீங்க, மூக்கு பெரிசாத் தெரியும். ஒண்ணரை மீட்டர் தள்ளி நின்னு, நிஜமான 2எக்ஸ் லென்ஸ் இருந்தா அதுல எடுங்க. இல்லன்னா 1எக்ஸ்லயே எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கலாம், பிக்சல் பாதி வாக்குல குறைஞ்சாலும் கையெட்டுற தூரத்துக்குத் தாங்கும். ரெண்டு விரல் வச்சு சூம் பண்றதும் வெட்டுறதும் ஒண்ணுதான். பெரியவங்களைத் தார்சாவில வாசலைப் பார்த்து உக்கார வைங்க, காலை வெளிச்சம் போதும். பியூட்டி மோடை அணைச்சிருங்க, எழுபது வருஷம் சேர்த்த சுருக்கத்தை அது ஒரு செகண்டுல அழிச்சுரும். "என்னை எதுக்குல படம் புடிக்க"ன்னு ஆச்சி கேட்டா காரணம் எல்லாம் சொல்லாதீங்க. பொங்கலுக்குப் புதுச் சேலை கட்டியிருக்கீங்கள்ல, அதுக்குன்னு சொல்லுங்க.

குரூப் போட்டோவுக்கும் இதே கணக்கு. 60 பேரை மூணு வரிசையில பரப்பாம, காலேஜ் படிக்கட்டுல அஞ்சு வரிசையா, வரிசைக்கு 12 பேர் நிறுத்துங்க. அகலம் 6 மீட்டராக் குறையுது. முகத்துக்கு 60 பிக்சல் இருந்தது 100 ஆயிரும். காசு செலவில்லாம கேமராவோட மெகாபிக்சலை ரெண்டே முக்கால் மடங்கு ஆக்கின மாதிரி.

எடுத்த படத்தை வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க, போட்டோவா வேண்டாம். ஹெச்டின்னு ஒரு வழி இருக்கு, பரவாயில்ல ரகம், ஆனா அதுவும் சுருக்கும். ஸ்டுடியோவுக்குப் பென் டிரைவ்ல ஒரிஜினல் ஃபைலைக் கொண்டுபோங்க. அண்ணாச்சி கம்ப்யூட்டர்ல ஓபன் பண்ணினதும், முகத்தோட இந்தக் கன்னத்துல இருந்து அந்தக் கன்னம் வரைக்கும் செலக்ட் பண்ணி எத்தனை பிக்சல்னு ஒருதரம் பார்க்கச் சொல்லுங்க. 12×18-ல மார்பளவுப் படத்துக்கு 400-க்கு மேல இருந்தா தைரியமாப் போடலாம். நூத்துச் சொச்சம்னா 4×6-லயோ 5×7-லயோ போட்டு, சுத்தி வெள்ளை அட்டை வச்சு பெரிய ஃபிரேம்ல மாட்டுங்க. இருபத்தி நாலுன்னா வெட்டாதீங்க. அந்தக் கல்யாண மேடைப் படத்தை, பக்கத்துல நிக்கிற பேரன் பேத்தியோட அப்படியே பிரிண்ட் போடுங்க. அதுல அவர் நல்லாத்தான் இருப்பார்.